வரவேற்பறைக்கு ஒரு லினக்ஸ் விளையாட்டுக் கணினி

விளையாட்டுக் கணினி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் முதலில் விலையைப் பார்க்கின்றனர். அடுத்துப் பெட்டியின் தோற்றத்தைப் பார்க்கின்றனர். பிள்ளைகள் எந்த விளையாட்டை ஆடப் போகின்றனர் என்னும் வினா இறுதியில்தான் எழுகின்றது. இவ்வரிசை தலைகீழானது. லினக்ஸ் கணினியொன்றை வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆட விரும்பும் குடும்பத்திற்கு இத்தவறு பெரும் இழப்பாகும். அளவான வருவாயில் சேர்த்த பணம் ஒருமுறை வீணானால் எளிதில் மீளாது.

லினக்ஸ் யாது?

கணினியின் உறுப்புகளை இயக்கி, பிற மென்பொருள்கள் வேலை செய்ய இடமளிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் அத்தகையது, லினக்ஸும் அத்தகையதே. 1991ஆம் ஆண்டில் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். அதன் மூல நிரல் யாவருக்கும் திறந்தது. வீட்டுக் கணினியில் அதனை நிறுவ உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. சிக்கனம் நாடுவோர்க்கு இது முதல் நன்மை.

எனினும், நெடுங்காலம் பெரும்பாலான கணினி விளையாட்டுகள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டன. 2015 நவம்பரில், வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஸ்டீம் ஓஎஸ் இயங்குதளத்தைக் கொண்ட ‘ஸ்டீம் மெஷின்’ கணினிகள் விற்பனைக்கு வந்தன. லினக்ஸில் இயங்கும் விளையாட்டுகள் அன்று குறைவாக இருந்தமையால் அவை மக்களிடம் நிலைபெறவில்லை.

இக்குறையைப் போக்கியது 2018 ஆகஸ்டில் வெளிவந்த ‘புரோட்டான்’. 1993இல் தொடங்கிய ‘வைன்’ என்னும் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது அது. விளையாட்டு, விண்டோஸிடம் கேட்பதுபோல் ஒன்றைக் கேட்கும். புரோட்டான் அதனை லினக்ஸ் அறியும் வகையில் உடனுக்குடன் மாற்றிச் சொல்லும். இருவர்க்கு இடையே நின்று பேசும் துபாசியின் பணியை ஒத்தது இது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கருவி இம்முறையாலேயே ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஆட வழி செய்தது.

முதல் வினா: எந்த விளையாட்டு?

துபாசியாலும் இயலாதவை சில உள. இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் வஞ்சனை செய்வோரைத் தடுக்கக் காவல் மென்பொருள் சேர்க்கப்படுகின்றது. சில நிறுவனங்கள் அதனை லினக்ஸில் ஏற்பதில்லை. ஃபோர்ட்நைட், வாலரண்ட் ஆகியவை லினக்ஸில் ஆட இயலாதவை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024இல் லினக்ஸுக்குக் கதவடைத்தது. பிள்ளைகள் விரும்புவது இவற்றையே என்றால், எவ்வளவு மலிவாயினும் லினக்ஸ் கணினி அவ்வீட்டிற்கு ஏற்றதன்று. ஸ்டீம் கடையில் பல விளையாட்டுகளுக்கு ஸ்டீம் டெக்கில் இயங்கும் தகுதி குறிக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன் அதனை நோக்குதல் நலம்.

இரண்டாவது வினா: எத்தகைய தொலைக்காட்சி?

முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள. 4கே திரையிலோ 3840 × 2160, ஏறத்தாழ 83 இலட்சம். நான்கு மடங்கு புள்ளிகளை வரையக் கணினிக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். அதற்கேற்ப விலையும் ஏறும். ஆயினும், 4கே தொலைக்காட்சி உள்ளவரும் விளையாட்டை முழு எச்டி அளவிலேயே அமைத்து ஆடலாம். சற்றுத் தொலைவில் நாற்காலியிட்டு அமர்ந்து பார்ப்போர்க்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. விரலுக்குத் தக்க வீக்கமே இங்கு வேண்டற்பாலது.

மூன்றாவது வினா: எந்தக் கணினி?

படம் வரையும் சில்லே விளையாட்டுக் கணினியின் உயிர். ஏஎம்டி நிறுவனச் சில்லுகளுக்குரிய இயக்கி மென்பொருள் லினக்ஸோடு இணைந்தே வருவதால் தொல்லை குறைவு. என்விடியா சில்லுகளும் இயங்கும். அவற்றுக்குரிய இயக்கியைத் தனியே சேர்த்தல் வேண்டும்.

குறைந்த செலவில் வழிகள் மூன்று.

முதலாவது, அலுவலகங்கள் கழித்த பழைய மேசைக் கணினி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளும் லினக்ஸில் நன்கு உழைக்கும். அவற்றுள் ஒரு படவட்டை சேர்க்க வேண்டும். அட்டை செருகும் துளை தரக்கூடிய மின்திறன் 75 வாட்டே. சிறு பெட்டியாயின் குட்டை அட்டைதான் நுழையும். இவ்விரண்டையும் அளந்தறியாமல் அட்டை வாங்குதல் கூடாது.

இரண்டாவது, கையகலச் சிறு கணினி. ரேடியான் 780எம் போன்ற படச்சில்லு செயலியோடு சேர்ந்தே அமைந்தவை விரும்பத்தக்கவை. இத்தகைய சில்லு கணினியின் பொது நினைவகத்தையே பயன்படுத்துவதால், 16 ஜிபி நினைவகத்தை ஒரே துண்டாக இடாமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக இடுதல் விரைவு தரும்.

மூன்றாவது, உறுப்புகளை வாங்கித் தாமே பூட்டுதல். செலவு சற்றுக் கூடும். ஆனால் பின்னாளில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றி ஆற்றலை உயர்த்தலாம்.

வரவேற்பறைக்கெனக் கவனிக்க வேண்டியவை வேறு சில. விசிறி இரைச்சலிட்டால் குடும்பத்தார் பொறுக்கமாட்டார். வெப்ப நாட்டில் கணினியை மூடிய அலமாரிக்குள் அடைத்தல் தகாது. பெரும்பாலான கணினிகள் தாமே தொலைக்காட்சியை ஏற்றி அணைக்கமாட்டா. அதற்குத் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்தே ஆக வேண்டும்.

நிறுவுதற்குரிய இயங்குதளங்களுள் ‘பசைட்’ ஒன்று. ஃபெடோரா லினக்ஸின் வழிவந்த அதில், கணினியை ஏற்றியதும் விளையாட்டுத் திரை தோன்றுமாறு அமைக்கலாம். விரும்பினால் மேசைத் திரைக்கும் மாறலாம். அங்கே லிப்ரே ஆபிஸில் கட்டுரை எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையை அமைத்துத் தமிழில் தட்டெழுதலாம். விடுமுறையில் விளையாட்டுக்கும், பள்ளி நாள்களில் படிப்புக்கும் ஒரே பெட்டி பயன்படுதல் சிறு வருவாய்க் குடும்பத்திற்குப் பெரும் ஆதாயம்.

ஆகவே, விளையாட்டு முன்னும், தொலைக்காட்சி அதன்பின்னும், கணினி இறுதியிலுமாக முடிவு செய்யப்பட வேண்டும். இவ்வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோர், விற்பவர் சொல்லுக்கு மயங்காமல் தமக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்குவர்.