பகலில் பாட்டிதான் இருப்பார்

ஜொகூர் பாருவில் பொழுது விடியுமுன்பே பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடுகின்றன. வேலை சிங்கப்பூரில், வீடு மாசாயிலோ ஸ்கூடாயிலோ கூலாயிலோ. தாயும் தகப்பனும் கிளம்பிவிட்ட பல வீடுகளில், பகல் முழுக்கக் கைப்பிள்ளையோடு இருப்பவர் பாட்டி. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வீடு தேடிச் சென்று துணைநிற்கும் ஊழியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று ஜொகூரில் கேட்டால், அந்தப் பாட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலேசியாவுக்கு இது புதிய வேலையில்லை. 1950களின் பிற்பகுதியில் வளரத் தொடங்கிய கிராமச் சுகாதாரச் சேவை, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளையும் பின்னர் சமூகத் தாதியரையும் கம்பத்து வீடுகளுக்கு அனுப்பியது. பரம்பரை மருத்துவச்சிகளை அது விரட்டவில்லை. அவர்கள் பெயரைப் பதிந்து, சுத்தமாகப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. இந்திரா பத்மநாதனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 2003இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு, மலேசியாவும் இலங்கையும் பேறுகால மரணங்களை எப்படிக் குறைத்தன என்பதை விரிவாகச் சொல்கிறது. வீட்டுக்கு வருபவர் வீட்டின் பெரியவர்களை மதித்தால்தான் கதவு திறக்கும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

தோட்டங்களின் கதை வேறு. தனியார் நிலம் என்பதால் அரசாங்கச் சேவைகள் அங்கே தாமதமாகவே எட்டின. தோட்ட ஆஸ்பத்திரியும், வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையும்தான் பிள்ளைகளுக்குக் கதி. தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது ஆயாக் கொட்டகையும் போனது. அந்த ஆயாவின் வேலை அடுக்குமாடி வீட்டுப் பாட்டியின் தலையில் இறங்கியது.

இன்று பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் அரசாங்க கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி என்று நாம் அழைக்கும் தாதி வருகிறார். முதல் வாரத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. தொப்புள், தாய்ப்பால், தாயின் இரத்தப்போக்கு, பிள்ளையின் மஞ்சள்காமாலை எல்லாம் பார்ப்பார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் அந்த முகவரியைக் கிளினிக்கில் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஸ்ஸி பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். ஆனால் இந்த வருகைகள் சில வாரங்களில் நின்றுவிடுகின்றன. அதன் பிறகு ஊசி போடும் தேதிகளில் குடும்பம்தான் கிளினிக்குக்குப் போக வேண்டும். மூளை மிக வேகமாக வளரும் முதல் மூன்று வயதின் மீதிக் காலத்தில் வீட்டுக்கு யாரும் வழக்கமாக வருவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தனர். மாதக்கணக்கில் சேர்ந்த குறை அது. ஒரு நாள் கிளினிக்கில் அளந்து எழுதுவதால் தீராது.

நீண்டகால வருகை என்ன செய்யும் என்பதற்கு ஜமைக்கா சாட்சி. 1980களின் நடுவில் கிங்ஸ்டனில் சாலி கிராந்தம்-மெக்ரெகர் குழுவினர் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளோடு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூகச் சுகாதார ஊழியர்கள் வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் சென்றார்கள். தூக்கியெறிந்த போத்தலிலும் பெட்டியிலும் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுபோய், பிள்ளையோடு விளையாடத் தாய்க்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், வருகை கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஊழியர்கள் டாக்டர்கள் அல்லர். நன்றாகப் பழக்கப்பட்ட சாதாரணப் பெண்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சொற்பொழிவு கேட்டு இதைக் கற்க முடியாது. பயிற்சியில் ஒருவர் தாயாகவும் ஒருவர் ஊழியராகவும் நடித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை தரும் சாடையைக் கவனிப்பது, தாய் சரியாகச் செய்ததைச் சொல்லிப் பாராட்டுவது, விளையாட்டுப் பொருளைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அவள் கையில் கொடுப்பது என ஒவ்வொன்றையும் செய்துபார்த்தால்தான் வரும். பிறகு மேற்பார்வையாளர் வீடுவரை கூடப்போய்ப் பார்த்துத் திருத்த வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான் என்பதே என் பெரிய கவலை.

நம் தமிழ் வீடுகளுக்கு இன்னொன்றும் வேண்டும். மஞ்சள்காமாலைக்குக் காலை வெயிலில் காட்டுவது, பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் தொட்டுவைப்பது என்று பாட்டிக்குச் சில பழக்கங்கள் உண்டு. வெயிலில் காட்டுவது காமாலைக்குச் சிகிச்சை ஆகாது. சிகிச்சை தாமதமானால் கடுமையான காமாலை மூளையைப் பாதிக்கும். ஆனால் மருமகள் முன்னால் பாட்டியைக் கண்டித்துவிட்டால், அடுத்த முறை எதையும் மறைத்துவிடுவார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பிள்ளையோடு பேசுவது, தாலாட்டுப் பாடுவது போன்ற அவருடைய நல்ல கைப்பழக்கங்களை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசத் தெரிய வேண்டும், அதுவும் தமிழில். மலாய் பேசும் தாதி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், பாட்டி தன் பயத்தைத் தன் மொழியில்தான் சொல்வார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 2016இல் கிட்ஸ்டார்ட் திட்டத்தைத் தொடங்கி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீட்டு வருகையாளர்களை அனுப்பிவருகிறது. ஜொகூரிலிருந்து பார்த்துக் கற்க இதைவிடப் பக்கத்தில் வேறு முன்மாதிரி இல்லை.

நேரமும் பயிற்சித் திட்டத்தில் சேர வேண்டிய விஷயம். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறந்திருக்கும். சிங்கப்பூரில் விடுமுறையான பெற்றோர் அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். இப்போது இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஓய்வு. வார நாளில் போகும் ஊழியர் பாட்டியைத்தான் சந்திப்பார். ஆகவே வாரநாளில் பாட்டியோடு ஒரு வருகை, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரோடு ஒரு வருகை, அதற்குரிய கூடுதல் சம்பளம் என்று திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.