பெமுத்தெரான் கரையில் வளரும் பவளம்

பாலித் தீவின் தென்பகுதியில் படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் நெல்வயல்களையும் பிரயாணிகள் நிறைந்த கடற்கரைகளையும் கண்டு பழகியவர்கள், தீவின் நடுவே நிற்கும் மலைகளைக் கடந்து வடமேற்கு மூலைக்கு வந்து சேரும்போது, வேறொரு தேசத்தில் அடியெடுத்து வைத்துவிட்டோமோ என்று மயங்குவதுண்டு. மழையை மலைகள் தடுத்துவிடுவதால் அங்கே ஆண்டின் பெரும்பகுதி வறட்சிதான். நெல் மறைந்து மக்காச்சோளக் கொல்லைகள் வருகின்றன, நிலம் வெளிறிக் கிடக்கிறது. புலேலெங் மாவட்டத்தைச் சேர்ந்த அந்தக் கரையில், பதினாறாம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரர்த்தர் என்னும் பிராமண குருவின் ஐதிகத்தோடு சம்பந்தப்பட்டதும், குரங்குக் கூட்டங்களுக்குப் பெயர் போனதுமான புலாக்கி ஆலயம் கடலை நோக்கி நிற்கிறது. அதற்கு அருகேயுள்ள கிராமம்தான் பெமுத்தெரான். நிலம் கைவிட்டபோது கடலை நம்பியும், கடலும் கைவிட்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தும் வாழ்ந்த அந்தக் கிராமம், முப்பது ஆண்டுகளுக்கு முன் பாலியின் மிக ஏழ்மையான ஊர்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

கடல் எவ்வாறு கைவிட்டது என்பதை அறியப் பவளப்பாறையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற பிராணிகள், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாக வாழ்ந்து மடிவதால் உண்டாவதே பவளப்பாறை. அந்தப் பிராணிகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக்கொண்டு ஆகாரம் தயாரித்து, தமக்கு இடமளித்த பிராணிக்கும் பங்கு கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அவற்றின் உபயமே. கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளை, கடல்வாழ் ஜீவராசிகளில் ஏறக்குறைய கால் பங்கு இனங்கள் ஏதேனும் ஒரு பருவத்தில் அண்டி வாழ்கின்றன. வலை வீசுகிறவனுக்கு அது மீன் குஞ்சு வளரும் இடம். கரையில் குடிசை போட்டிருப்பவனுக்கு அலையின் வேகத்தை உடைக்கும் அரண்.

அந்த அரணைத்தான் மனிதர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உரத்தையும் மண்ணெண்ணெயையும் புட்டியில் அடைத்துத் திரி வைத்து எறிந்தால், ஒரு கணத்தில் மீன்கள் செத்து மிதக்கும், அள்ளிக்கொண்டு போகலாம். கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வண்ண மீன்களை உயிரோடு பிடிக்க விரும்பியவர்களோ சயனைடு விஷத்தை நீரில் பீய்ச்சி மீனை மயங்க வைத்தார்கள். மீன் மயங்கியது, பவளம் மடிந்தது. 1997ஆம் ஆண்டில் கிழக்காசியாவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் இந்தோனேசிய நாணயத்தின் மதிப்பு சரிந்து, அடுப்பு எரிவதே பிரச்சினையாகிவிட்ட நிலையில், வெளியூரார் உள்ளூரார் என்ற வித்தியாசமின்றி இந்த உபாயங்கள் மலிந்தன. வெடியால் நொறுங்கிய பவளம் எளிதில் மீள்வதில்லை. அலையில் உருண்டுகொண்டே இருக்கும் சில்லுகளின்மேல் இளம்பவளம் வேர்கொள்ள முடியாது. இது போதாதென்று 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, எஞ்சியிருந்த பவளங்களும் தம்முள் இருந்த பாசிகளை வெளியேற்றி வெளுத்துப் போயின.

இந்த இடத்தில் பாலி மக்களின் சமய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குக் கடல் பரிசுத்தம் செய்யும் சந்நிதி. மௌன விரதமான நியெப்பி நாளுக்கு முன், ஆலயத் திருவுருவங்களையும் புனிதப் பொருள்களையும் ஊர்வலமாகக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று சுத்தி செய்கிறார்கள். அங்கே வழிபடப்படும் பருணன் என்ற தெய்வம், தொல்காப்பியர் நெய்தல் நிலத்துக்கு உரியவனாகச் சொன்ன வருணனேயன்றி வேறல்லன். தெய்வத்தோடும், சக மனிதரோடும், இயற்கையோடும் இணங்கி வாழ்வதே க்ஷேமத்துக்குக் காரணம் என்ற கோட்பாட்டைத் ‘த்ரி ஹித கரண’ என்ற பெயரால் வழங்குகிறார்கள். இந்தச் சூத்திரம் 1960களில்தான் இவ்வாறு வகுக்கப்பட்டது. அதன் பின்னுள்ள அநுஷ்டானங்கள் மிகப் பழையவை.

ஆனால் கடலை வணங்கிய அதே கைகளில் சிலதான் வெடியையும் எறிந்தன என்பதை மறைப்பதில் பயனில்லை. பக்தி மட்டும் ஒரு பவளத்தையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது, பக்தியை ஆதாரமாகக் கொண்ட ஊர்க்கட்டுப்பாடு என்பதே என் கருத்து. பாலியில் சர்க்கார் நிர்வாகத்தைத் தவிர, ஆலயங்களை மையமாகக்கொண்ட ‘அதாத்’ கிராமம் என்ற பரம்பரை அமைப்பு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அது தானே விதிகள் வகுத்துக்கொள்ளும். மீறியவனுக்கு அபராதம் விதிக்கும். கடைசிப் படியாக ஊரைவிட்டு விலக்கியும் வைக்கும். விலக்கப்பட்டவனுக்கு ஊர்ச் சுடுகாடுகூட மறுக்கப்படலாம். போலீஸ்காரனுக்குப் பயப்படாதவனும் இதற்குப் பயப்படாமல் இருக்க முடியுமா?

பெமுத்தெரானில் ஹோட்டல் அமைக்க வந்த அகுங் பிராணா என்ற பாலிக்காரர் இந்த உண்மையை நன்கு உணர்ந்திருந்தார். ஆலயச் சடங்குகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் கலந்துகொண்டு, கடலை அழிப்பது தர்மத்துக்கும் வயிற்றுக்கும் ஒருங்கே விரோதமானது என்று ஆண்டுக்கணக்கில் அவர் பேசி வந்தார். முதலில் சந்தேகத்தோடு பார்த்த மீனவர்கள், நாளடைவில் வெடியையும் விஷத்தையும் ஊர்விதியாலேயே தடை செய்ய இசைந்தனர். ஆலய விழாக்களில் காவல் காக்கும் ‘பெச்சாலாங்’ என்ற தொண்டர்படையின் சம்பிரதாயத்தை ஒட்டிக் கடல் காவலர்கள் நியமிக்கப்பட்டு, வெடிப் படகுகளை விரட்டலானார்கள்.

காவல் போட்டால் இருப்பது அழியாமல் நிற்கும். அழிந்தது தானே திரும்பிவிடாது. அதற்கு ஒரு விசித்திரமான விஞ்ஞான உபாயம் கைகொடுத்தது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞரான உல்ஃப் ஹில்பெர்ட்ஸ் என்பவர் 1970களில், கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சிக் கல்போன்ற ஒரு பொருளை விளைவிக்கலாம் என்று கண்டறிந்து, பிற்பாடு ஜமெய்க்காவில் வளர்ந்த பவள விஞ்ஞானி டாம் கோரோவுடன் சேர்ந்து அதைப் பவள வளர்ப்புக்குப் பயன்படுத்தினார். ‘பயோராக்’ என்று அதற்குப் பெயர். இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து, கூடாரம்போலவும் சுரங்கம்போலவும் சட்டங்கள் செய்து, ஆழமற்ற கடலடியில் இறக்குகிறார்கள். கரையிலிருந்து கம்பி வழியாக, நீந்துகிறவருக்குத் தீங்கு செய்யாத மிகக் குறைந்த அழுத்த மின்சாரம் அவற்றுக்குச் செல்கிறது. அதனால் கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பின்மேல் வெண்மையாகப் படிந்து இறுகுகிறது, இரும்பும் துருப்பிடிப்பதில்லை. அலையாலோ நங்கூரத்தாலோ முறிந்து கிடக்கும் உயிருள்ள பவளத் துண்டுகளைப் பொறுக்கி அதில் கட்டிவிட்டால், அவை விரைவாகப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. பெமுத்தெரானில் இந்த வேலை 2000ஆம் ஆண்டில் ‘காராங் லெஸ்தாரி’ என்ற பெயரில் தொடங்கி, காலப்போக்கில் அறுபதுக்கு மேற்பட்ட சட்டங்களாகப் பெருகிற்று.

இதனருகே நடந்த இன்னொரு முயற்சியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்திரேலியரான க்ரிஸ் பிரௌன் என்பவரின் தூண்டுதலால், உள்ளூர் மக்களைக்கொண்ட கடல் தோட்டக்காரர் குழு ஒன்று, 2005இல் கல்சிலைகளையும் பாலித் தோரண வாயிலையும் கடலடியில் நிறுவியது. பவளமும் மீனும் குடியேற வேண்டும் என்பதே நோக்கம். சில ஆண்டுகளில் அதன் படங்கள் உலகெங்கும் பரவி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய புராதன இந்துக் கோயில் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பலர் மெய்சிலிர்த்தார்கள். புராதனத்தில் நமக்குள்ள மோகம் அத்தகையது. கண்ணெதிரே ஏழை மீனவர்கள் மூழ்கி மூழ்கிச் செய்த உழைப்பைவிட, யாரோ என்றோ இழந்த கோயில் நமக்கு ருசிக்கிறது.

பவளம் திரும்பவே மீன்களும் திரும்பின. அவற்றைக் காணப் பிரயாணிகள் வந்தார்கள். படகோட்டிகளாகவும், முக்குளிப்பு வழிகாட்டிகளாகவும், விடுதி நடத்துகிறவர்களாகவும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஜீவனம் தேடிக்கொண்டனர். பணம் கொடுக்கும் பிரயாணியின் பெயரைக் கம்பியால் எழுதி, அதில் ஓர் இளம்பவளத்தைக் கட்டி வளர்க்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் 2012இல் ‘காராங் லெஸ்தாரி’ ஸ்தாபனத்துக்கு ‘ஈக்வேட்டர்’ பரிசு அளித்துக் கௌரவித்தது.

குறைகளையும் சொல்லிவிடுவது நியாயம். மின்சாரத்தால் பவளம் பன்மடங்கு வேகமாக வளர்கிறது என்று பயோராக் முறையை உண்டாக்கியவர்கள் கூறுவதை எல்லா விஞ்ஞானிகளும் அப்படியே ஏற்பதில்லை. மின்சாரம் தடைப்பட்டால் பலனும் தடைப்படும். பிரயாணிகளை நம்பிய ஜீவனம் நிலையற்றது என்பதை, கொரோனாவால் பாலிக்கு வெளிநாட்டார் வரவு நின்றுபோன 2020, 2021ஆம் ஆண்டுகள் காட்டின. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகின் வெப்பநிலை ஒன்றரை டிகிரி உயர்ந்தால் பவளப்பாறைகளில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு வரை அழியும் என்றும், இரண்டு டிகிரி உயர்ந்தால் அநேகமாக முழுவதும் அழியும் என்றும் சர்வதேசப் பருவநிலை விஞ்ஞானிகள் குழு எச்சரித்திருக்கிறது. புகை கக்கும் தேசங்களை ஊர்விலக்கம் செய்யும் அதிகாரம் பெமுத்தெரான் பஞ்சாயத்துக்கு இல்லை.

தமிழர்களில் பாலிக்குப் போகிறவர்கள் இப்போது ஏராளம். தெற்குக் கரையிலிருந்து மோட்டாரில் நான்கு மணி நேரம் பிரயாணம் செய்யச் சித்தமாக இருப்பவர்கள், ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்கி, உள்ளூர்ப் படகோட்டியையே அமர்த்திக்கொண்டு, பவளத்தின்மேல் கால் வைக்காமல் மிதந்து பார்த்து, கரையிலுள்ள பயோராக் நிலையத்தில் ஓர் இளம்பவளத்துக்குப் பணம் கட்டிவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.