எஃகுப் பாலங்களின் களைப்பு

மட்டாஞ்சேரிப் பகுதியை வில்லிங்டன் தீவுடன் இணைக்கும் பழைய துறைமுகப் பாலம் 1940-களில் திறக்கப்பட்டது. கலங்களுக்கு வழிவிட அதன் நடுக்கண்ணை உயர்த்தும் ஏற்பாடு அன்று இருந்தது. பாலத்தின் எடை கூடக் கூடத் தூண், அடித்தளம், தூக்கும் பொறி அனைத்தின் செலவும் கூடும். எனவே எடைக் குறைப்பு என்பது பொறியியலுடன் பொருளாதாரமும் சேர்ந்த பிரச்சினையாகும்.

இதற்கு இக்காலப் பொறியாளர் கண்ட விடை, எஃகுத் தளம். மெல்லிய எஃகுத் தகட்டின் அடியில் நீளவாட்டில் விலா எலும்புகள்போல் விறைப்புப் பட்டைகளைப் பற்றவைத்து, மேலே தார்க்கலவை இடுவர். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கப்பலின் மேல்தளத்தைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. மும்பையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேதுவின் நீண்ட கண்கள் இம்முறையில் அமைந்தவை; அவற்றுள் மிக நீளமானது 180 மீட்டர்.

ஆனால் எடையில் மிச்சப்படுத்தியதைப் பற்றவைப்பின் ஆயுளில் இழந்துவிடக்கூடாது. ஒரே பாரத்தைத் தாங்கும் கம்பி, பலமுறை வளைத்தால் ஒடிவதை யாவரும் அறிவர். உலோகக் களைப்பு எனப்படுவது இதுவே. தளத்தின்மேல் உருளும் ஒவ்வொரு சக்கரமும் ஒரு வளைப்பு. பற்றவைப்பின் விளிம்பில் கண்ணுக்குப் புலப்படாத குறைகள் உண்டு. குளிரும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசையும் உண்டு. விரிசல் அங்கேதான் தொடங்கும். விலை உயர்ந்த, வலிமைமிக்க எஃகை வாங்கினாலும் இதில் பயனில்லை என்பது பலரும் எதிர்பாராத உண்மை. பிரிட்டனில் 1966-இல் திறக்கப்பட்ட செவர்ன் பாலத்தின் தளப் பற்றவைப்புகளில் 1970-களிலேயே விரிசல்கள் காணப்பட்டன.

மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது? பற்றவைப்பு விளிம்புக்கு அருகில் திரிபுமானிகளை ஒட்டி, லாரிகள் கடக்கும்போது தகைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என அளப்பர். அதிலிருந்து விளிம்பிலுள்ள தகைவைக் கணிப்பர். ஐ.எஸ். 800 (2007) தர விதி, இணைப்புகளை வகைப்படுத்தி ஒவ்வொன்றும் எத்தனை சுற்றுகள் தாங்கும் எனக் கூறுகிறது. பெரிய ஏற்ற இறக்கங்களில், தேய்வு தகைவு வீச்சின் மூன்றாம் அடுக்கில் வளர்கிறது. வீச்சு இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று.

இக்கணக்கு நிதித்துறையினரும் படிக்கவேண்டியது. 2018-இல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் அனுமதிப் பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. உயர்வு சுமார் 13 சதவீதமே. ஆனால் பழைய வரம்பில் ஓடிய அச்சுகள் அனைத்தும் புதிய வரம்பை எட்டினால், ஒவ்வொரு கடப்பிலும் தேய்வு 43 சதவீதம் கூடும். நூறாண்டு உழைக்கவேண்டிய இணைப்பு எழுபது ஆண்டில் ஓய்ந்துவிடும். லாரிகளின் நடைகள் குறையும் என்று வாதிடலாம். அக்குறைவு இந்த இழப்பை முழுவதும் ஈடுசெய்யாது. அனுமதியை மீறிய பாரமோ எக்கணக்கிலும் சேராதது.

போக்குவரத்துச் செலவில் கண்ட மிச்சம் லாரி உரிமையாளரின் ஏட்டில் அவ்வாண்டே ஏறுகிறது. பாலத்தின் தேய்வு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பராமரிப்பு ஒதுக்கீடு, நெருக்கடி ஆண்டுகளில் முதலில் வெட்டப்படும் இனம் என்பதை இத்துறையில் பணியாற்றியோர் அறிவர். தளத் தகட்டைச் சில மில்லிமீட்டர் தடிப்பாக்குவது கட்டும்போது சிறு செலவு. விரிசல் கண்டபின், தார்க்கலவையைப் பெயர்த்துப் போக்குவரத்தை நிறுத்தி, அடியில் தொங்கும் சாரத்தில் நின்று தலைக்குமேல் பற்றவைக்க வேண்டியிருக்கும்.