பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் பிடிக்குமா?

ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்குப் போகும் மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் எஞ்சினுக்குச் சோதனை என்றால், இறக்கம் பிரேக்குக்குச் சோதனை. ஒரு காலத்தில் சோழவரம் பந்தயங்களில் ஓடிய பியட் 1100 போன்ற பழைய கார்களை இன்றும் ஆசையாகப் பராமரிப்பவர்கள் உண்டு. எஞ்சினுக்கு வலுவேற்றுவார்கள்; முன்சக்கர டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டுவார்கள். கூடவே, "மாஸ்டர் சிலிண்டரையும் பெரிசாப் போட்டுடலாம்" என்ற யோசனையும் வரும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

நம் மிதியை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றுவதே மாஸ்டர் சிலிண்டரின் வேலை. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். பெடலை 30 கிலோ விசையில் மிதிக்கிறோம்; பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது என்று கொள்வோம். பிஸ்டனைத் தள்ளுவது 150 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலமானால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 53 கிலோ அழுத்தம் கிடைக்கும். 7/8 அங்குலமானால் 39தான். அதாவது, பெரிய சிலிண்டரில் அதே பிரேக்குக்கு இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டும்.

சிறியதே போதுமா என்றால், அதுவும் இல்லை. டிஸ்க் காலிப்பரின் பிஸ்டன்களை நகர்த்த ஆயில் அதிகம் தேவை. சிறிய சிலிண்டர் ஒரே மிதியில் அவ்வளவு தள்ளாவிட்டால் பெடல் தரையைத் தொட்டுவிடும். எனவே பெடல் முழுதாக இறங்கும் முன்பே தேவையான ஆயிலைத் தள்ளக்கூடியவற்றில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் மிதி கனமாக இருந்தால் பூஸ்டர் சேர்க்கலாம்.

டிரம்முக்கான பல பழைய சிலிண்டர்களில், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்குக்கு அது ஆகாது. காலை எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடேறும். பழைய கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஒரு குழாய் வெடித்தால் பிரேக் முழுதும் போய்விடும். எப்படியும் மாற்றுவதென்றால், இரு தனி வழிகள் கொண்ட டேண்டம் சிலிண்டரையே போடுங்கள்.

கடைக்குப் போகும் முன் பழைய சிலிண்டரின் விட்டம், பெடலின் விகிதம், காலிப்பர் பிஸ்டனின் அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டி, காற்று எடுத்த பின் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். மலைக்குப் போவது அதற்கப்புறம்தான்.