கயிறு இழுக்கும் கச்சேரி

விடியுமுன்னே உடப்புக் கரைக்கு வந்துவிடுங்கள், முன்வரிசையில் இடம் பிடித்துவிடலாம்! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு. கரைவலையின் இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நின்றாயிற்று. ஒருவர் குரலெடுக்கிறார், அத்தனை பேரும் சேர்ந்து பதில் கொடுக்கிறார்கள். அம்பா! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும். வலை தூரத்தில் இருக்கும்வரை பாட்டு நிதானம்; மடி கரையை நெருங்க நெருங்க அதுவும் ஓட்டம் பிடிக்கும். தாளம் போடுவது யார் என்று தேடாதீர்கள். மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னே நகர்கிற கால்கள்தான். சாமியும் கடனும் காதலும் வறுமையும் ஒரே மூச்சில் வந்துவிழும்.

இதே சிலிர்ப்பை எனக்குத் தந்த இன்னொரு கூட்டம் சென்னையில் இருக்கிறது: 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. வாருங்கள், அவர்களுடைய மேடைக்குப் பின்னாலும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உண்டாக்கிய குழு இது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி இல்லாத தமிழர்' என்பதிலிருந்து பிறந்தது பெயர். திரையை விலக்கினால் அடடா, என்ன ரகளை! பறை ஒரு மூலையில், கானாவின் சட்டி ஒரு மூலையில், நடுவே எலக்ட்ரிக் கிட்டார், ட்ரம்ஸ், ராப். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகிய கானாவும் ராக் இசையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, முட்டி மோதி, கடைசியில் கைகோத்துக்கொள்கின்றன. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. 19 பேரும் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். அந்த உடையைக் கண்டதும் அம்பேத்கர் நினைவுக்கு வராதவர் உண்டா? இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் வடசென்னையையும் பாடினார்கள். அதுவரை மேடை தராத பேச்சுக்கு அன்று ஒலிபெருக்கி கிடைத்தது.

ஆண்களே பாடிவந்த கானாவில் இசைவாணி குரல் உயர்த்தினார்; 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இதே குழுவின் அறிவு 2021இல் தீயோடு பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுற்றியது. அதற்குள் இருப்பது நம் மலையகம், தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தம் பாட்டியின் வாழ்க்கையைத்தான் அவர் அங்கே கொண்டுவந்தார்.

பிரேசிலிலும் இந்தக் குழுவுக்கு ஓர் அண்ணன் உண்டு. ரெசிஃபி நகரம், ஆறும் சேறும் கண்டலும் நண்டும். அப்படியே நம் புத்தளம் களப்பு! அங்கே ஷிக்கோ சயன்ஸும் அவருடைய 'நசாவ் ஸும்பி' குழுவும் கறுப்பின மக்களின் மரக்காத்து மேளத்தை மின்கிட்டாரோடு சேர்த்து அடித்தார்கள். ஸும்பி, அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களுக்குத் தலைமை தாங்கி 1695இல் கொல்லப்பட்ட வீரன். சேற்றில் நட்டுவைத்த ஒரு டிஷ் ஆன்டெனாதான் அவர்களுடைய இசை இயக்கத்தின் அடையாளம். கால் ஊர்ச் சேற்றில், காது உலகத்தில்! 1994இல் முதல் ஆல்பம் வந்தது. 1997இல் கார் விபத்தில் ஷிக்கோ போய்விட்டார், வெறும் 30 வயதில். குழு நிற்கவில்லை. ஒதுக்கிவைத்திருந்த மேளத்தை அந்த நகரத்து இளைஞர்கள் பெருமையோடு தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

உடப்பின் தம்பி தங்கைகளே, சேறு நம்மிடம் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. ஆன்டெனா உங்கள் கைப்பேசிதான். அம்பா பாடத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆனால் நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள்; கயிறு கையில் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். தாளம் காலில் இருக்கிறது.