உறைபனிக்கு முன் வீட்டுத் தோட்டம்

நமது அமராவதி நகரில் மார்கழிப் பனி இலையை நனைப்பதோடு சரி. உதகையிலோ அது உறைபனியாகப் படிந்து செடியைக் கருக்கிவிடும்.

மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வான்வெளிக்குச் சென்றுவிடுகிறது. இலையின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால், அதனுள் உள்ள நீர் உறைந்து உயிரணுக்களைச் சிதைக்கிறது. வெயிலேறியதும் செடி கருகித் தொங்குவது இதனாலேயே.

ஆகையால் அங்கே தோட்டத்தை முன்கூட்டியே முடித்தல் அவசியம். பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகள் உறைபனி தாங்கா. பீன்ஸைப் பறித்து, முதிர்ந்த கிழங்கைத் தோண்டிவிட வேண்டும். முற்றிய பச்சைத் தக்காளி வீட்டினுள்ளேயே பழுக்கும். முட்டைக்கோஸும் காரட்டும் லேசான உறைபனியைத் தாங்குமாதலால் விட்டுவைக்கலாம். நாற்றுகளை மாலையில் வைக்கோலால் மூடி, காலையில் நீக்குதல் நலம். நோயற்ற தழைகளை எருக்குழியில் சேர்க்கலாம்.

இதனால் நமக்கு என்ன பயன் என அங்கத்தினர்கள் கேட்கலாம். நமது கொல்லைக்கு முடிவு கட்டுவது பங்குனி வெயில். ஆடியில் விதைத்த அவரை காய்த்து ஓயுமுன், நோயற்ற, நன்கு காய்த்த கொடியில் சில காய்களை நெற்றாகும்வரை விட்டுவைக்க வேண்டும். பின்னர் அவ்விதையை உலர்த்தி, சாம்பல் கலந்து கலயத்தில் காத்தல் வேண்டும். கடைசிக் காயையும் குழம்புக்குப் பறித்துவிட்ட வீடு, அடுத்த ஆடியில் விதைக்குப் பிறர் கையை எதிர்பார்க்க நேரும்.

பழைய பாவின் நுனியை விட்டுவைத்தே நெசவாளர் புதிய பாவைப் பிணைக்கிறார். தோட்டத்திற்கு அந்நுனி விதையே.