முன்றிலில் வெட்சி

புறத்திணை படித்த மாணவன் எவனையும் வெட்சி என்பது யாது என்று வினவினால், பகைவர் நிரையைக் கவர்தல் என்னும் விடை தடையின்றி வந்துவிடும். அப்போர்மேற் செல்வோர் சூடிய பூவினால் அத்திணை அப்பெயர் பெற்றது என்பதையும் அவன் சேர்த்துச் சொல்லுவான். அந்தப் பூவைக் காட்டு என்றாலோ வாய் மூடி நிற்பான். இத்தனைக்கும் அவன் நாள்தோறும் அச்செடியைக் கடந்தே வகுப்புக்கு வருகின்றான். வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் ‘எக்சோரா’ என்ற பெயருடன் செக்கச் செவேலெனப் பூத்து நிற்பது அவ்வெட்சியே. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஒன்றும் அதுவே.

எக்சோரா என்பது அயற்பெயர் என்று வெறுத்தலும் வேண்டா. நம் ஈசுவரன் என்னும் பெயரே போர்த்துக்கேயர் நாவிற் பட்டுத் திரிந்து அவ்வுருவம் பெற்றது என்பர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லின்னேயசு அதற்கு ‘எக்சோரா கொக்சினியா’ என்று பெயரிட்டார். பின்மொழி செந்நிறத்தைக் குறிப்பது. மலையாளத்தார் செத்தி என்றும் தெச்சி என்றும் வழங்குவர். நம் நூல்களில் வரும் செச்சை என்ற பெயரை இதனோடு ஒப்பு நோக்குக. சிங்களத்தில் அது இரத்மல், அதாவது செம்மலர். தமிழகத்திலே இட்டலிப்பூ என்கிறார்கள். வெட்சி என்னும் பெயரிருக்க இதுவும் ஒரு பெயரா என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் வழக்கை யார் தடுப்பது?

வெட்சி காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் நம் மணற்பாங்கான இடங்களிற் கிண்டி எடுக்கப்பட்ட சாயவேரும், மஞ்சவண்ணாவும் அதற்கு உறவினவே. இலைகள் எதிரெதிராய் நிற்க, அவற்றின் இடையே கணுவில் ஒரு சிறு செதில் இருப்பது இக்குடும்பத்தின் அடையாளம். பூவின் குழல் ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்டு ஊசி போன்றிருக்கும். அதன் அடியிலுள்ள தேன், நீண்ட உறிஞ்சுகுழல் உடைய வண்ணத்துப்பூச்சிகளுக்கே எளிதில் எட்டும். பூ உதிர்ந்தபின் காய் தோன்றி, பச்சை நிறம் சிவப்பாகிப் பின் கருஞ்சிவப்பாகக் கனியும். பட்டாணிக் கடலையளவுள்ள அப்பழம் சிறிது துவர்ப்பும் இனிப்பும் கலந்தது, உண்ணத்தக்கது. உள்ளே காப்பிக் கொட்டையை நினைவூட்டும் இரண்டு வித்துக்கள் இருக்கும். நம்மவரிற் பலர் வெட்சிப் பழத்தைக் கண்டதேயில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

விழாவின் நினைவாகக் கல்லூரி முன்றிலிற் பூஞ்செடிகள் நடுதல் வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தார் எண்ணியிருப்பதாக அறிந்தே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். கன்று விற்கும் இடங்களில் எக்சோரா என்று கேட்டால் மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு எனப் பலநிறப் பூக்களும் குறுகிய இலைகளும் உடைய கலப்பினங்களையும் சீனத்து இனத்தையும் எடுத்து நீட்டுவார்கள். அவையும் அழகியனவே. ஆனால் அக்கலப்பினங்களுட் பல காய்ப்பது அரிது. அவை வெட்சி என்ற பெயருக்கு உரியனவும் அல்ல. நாட்டு வெட்சியின் இலை ஏறக்குறையக் காம்பின்றித் தண்டைத் தழுவி, அடிப்பகுதி வட்டமாகவோ இதய வடிவாகவோ இருக்கும்; பூவிதழ் நான்கும் நுனி கூர்த்திருக்கும். இதழ் நுனி மழுங்கி, இலைக்குக் குறுங்காம்பு இருப்பின் அது பெரும்பாலும் சீனத்து இனம். வாங்கச் செல்வோர் இவ்விரண்டையும் பார்த்தாற் போதும்.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார். திணைக்குச் சொன்ன அது செடிக்கும் ஒருவாறு பொருந்தும். மலையாளத்துச் செம்புறைக்கற் குன்றுகளில் வெட்சி யாரும் நடாமலே தழைத்து நிற்கிறது. அந்நில மண் புளிப்புத் தன்மையது. நம் குடாநாட்டிலோ செம்மண்ணின் கீழும் சுண்ணக்கல். கிணற்று நீரிலும் சுண்ணம். கேத்தலின் அடியிலே வெள்ளையாகப் படிவது எதுவோ அதனையே நாம் செடியின் வேரிலும் நாள்தோறும் ஊற்றுகிறோம். மண்ணிற் சுண்ணம் மிகும்போது, அங்கே இரும்புச் சத்து இருந்தாலும் வெட்சியின் வேர் அதனைக் கவர இயலாது. கொழுந்திலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலை போலத் தெரியும். நாளடைவில் இலை வெளிறிச் சிறுத்து நுனி கருகும். செடிக்கு நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் கிணற்று நீரை இறைப்பவர் நோயை வளர்ப்பவராகிறார்.

சுவரோரத்தில் வரிசையாக நட்ட வெட்சிகளில் இக்கேடு மிகுதியாகத் தோன்றும். புதுச் சீமெந்துச் சுவரிலிருந்தும் அத்திவாரத்திலிருந்தும் மழைதோறும் சுண்ணம் கரைந்து அடிமண்ணிற் சேர்கிறது. கொத்தர் வேலை முடிந்ததும் எஞ்சிய சாந்தையும் கல்லையும் அவ்விடத்திலேயே புதைத்துவிட்டுப் போவதும் நம் நாட்டு வழக்கம். ஆதலால் சுவரிலிருந்து நான்கடியாவது விலகி நடுக. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமாகக் கிடங்கு வெட்டி, கற்களைப் பொறுக்கி அகற்றி, மேல்மண்ணோடு நன்கு மக்கிய மாட்டெருவும் இலைச்சருகு எருவும் தும்புச்சோறும் கலந்து நிரப்புக. அடுப்புச் சாம்பலை எந்தச் செடிக்கும் நல்ல எருவென்று கொட்டுவோர் உண்டு. வெட்சிக்கு அது ஆகாது. சாம்பலும் சுண்ணத்தின் பக்கமே நிற்பது.

மாரிகாலத்தில் ஓட்டுக் கூரையின் பீலியிலிருந்து விழும் நீரைத் தாங்கியிற் சேர்த்து வைத்து வேனிலில் ஊற்றுவது மிக நன்று. முழுவதும் மழைநீர் வார்க்க இயலாவிடினும், கிணற்று நீரோடு மாறி மாறி வார்த்தால் செடியின் நிறத்திலே வேறுபாடு தெரியும். அடியில் மூன்றங்குல உயரத்துக்குச் சருகு மூடிவைத்தல் ஈரத்தையும் காக்கும். மக்கி மண்ணையும் திருத்தும். மண்ணிற் கந்தகப் பொடி சிறிது தூவுதலும் உண்டு. அது மண்ணுயிர்களால் மெல்ல மெல்லப் புளிப்பாக மாறுவது, மாதங்கள் செல்லும், சுண்ணம் மலிந்த இடத்தில் அதன் பயன் குறைவே. முன்னரே மஞ்சளித்த செடிக்கு அன்னபேதி உதவும். ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்துச் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டு, வெயில் தணிந்தபின் இலைகளின் மேலும் கீழும் தெளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று முறை தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும். சுண்ண மண்ணில் அதனைக் கொட்டினால் அங்கேயே கட்டுண்டு வீணாகும். ஆகவே இலைவழியே ஊட்டுதல். மருந்து தெளித்துவிட்டுச் சுவரோரத்தையும் சாம்பலையும் மறந்தவருக்கு மஞ்சள் திரும்பவும் வரும்.

கன்று உண்டாக்க முற்றியும் முற்றாததுமான கிளைகளிலிருந்து ஆறங்குலத் தடிகளை வெட்டி, கீழிலைகளைக் களைந்து, மேலிலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் தும்புச்சோறும் கலந்த சாடியில் நிழலில் ஊன்றுக. ஈரம் காயாதிருப்பின் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் கொள்ளும். பழத்திலிருந்தும் முளைப்பிக்கலாம். சதையைக் கழுவி நீக்கி உடனே விதைத்தல் வேண்டும். தடிக்கன்றினும் விதைக்கன்று பூக்க நெடுநாட் செல்லும் என்றாலும், ஒரு வகுப்பு மாணவர் விதைத்து அடுத்த ஆண்டுகளில் வருவோர் பூக்காண்பது பள்ளித் தோட்டத்துக்குப் பொருத்தமானதே. பச்சை வேலியாயின் மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். தனிச்செடியாயின் ஐந்தாறடி விடுக. நாளில் ஐந்து மணி நேர வெயிலாவது படாவிட்டால் இலைதான் மிகும்.

பழம் காணாமைக்குக் காரணம் கத்தரிக்கோலே. வெட்சி கிளைகளின் நுனியிற் பூப்பது. மாதந்தோறும் பெட்டி போலச் சதுரமாகக் கத்தரிக்கும்போது, அரும்பும் நுனியோடு போகிறது. தப்பிப் பூத்ததும் காயாகுமுன் போகிறது. அதன்பின் வண்ணத்துப்பூச்சி ஏன் வரும்? பழந்தேடும் குருவிதான் ஏன் வரும்? ஒழுங்காக நிற்றல் அழகென்ற எண்ணம் பள்ளிக்கூடங்களில் எமக்கு மிகுதி. செடிகளையும் அணிவகுப்பில் நிறுத்திவிடுகிறோம். ஆண்டுக்கொருமுறை, சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குமுன் புரட்டாதியில், காய்ந்த கிளைகளையும் மிக நீண்டவற்றையும் மட்டும் வெட்டினாற் போதும். வரும் மழையில் புதுக்கிளை விட்டு, அந்நுனிகளிற் பூக்கொத்துகள் வரும். பூசைக்குப் பறிப்போரும் செடிக்குச் சில கொத்துகளையாவது விட்டுவைத்தல் வேண்டும்.

நோய்கள் பெரிதாக இல்லை. அழுக்கணவனும் வெண்மூட்டுப்பூச்சியும் கொழுந்திற் பற்றும். எறும்பு ஏறுவதும் இலையிற் கரி படிவதும் அவற்றின் அறிகுறிகள். நீரை விசையாகப் பீச்சிக் கழுவி, வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரிற் கலந்து மாலையிலே தெளித்தால் அடங்கும்.

சங்கத்தார் நடுவதாயின் ஐப்பசி முதல் மழையோடு நடுதல் தக்கது. மாரி முழுவதும் வேரூன்றக் காலம் கிடைக்கும். முதல் இரண்டு வேனிலிலும் வாரம் இருமுறை நீர் வார்க்க ஒருவர் பெயர் குறித்து வைக்கப்படல் வேண்டும். விடுமுறை நாட்களுக்கும் சேர்த்தே குறித்தல் நன்று.